ஆவாரை விதையை எழுப்புவது எப்படி

நான் முதன்முதலாக ஆவாரம் விதை போட்டது ஒரு பழைய நாற்றுத் தட்டில். 40 விதைகள். காலையில் பூவாளியால் தண்ணீர், மாலையில் குனிந்து குனிந்து ஒரு பார்வை என்று 3 வாரம் ஓடியது. முளைத்தவை மூன்றே மூன்று. விதை சொத்தை போலிருக்கிறது என்று முடிவுகட்டி, தட்டில் இருந்த மண்ணை முருங்கை மரத்தடியில் கொட்டினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மிச்சி (அம்மாவின் அம்மா), "கொட்டுனா கொட்டிட்டுப் போ கண்ணு, அது வர்றப்ப வரும்" என்றார். அடுத்த ஐப்பசி மழைக்கு முருங்கையடியில் 11 கன்றுகள் நின்றன. அதற்கடுத்த வருடம் இன்னும் ஐந்தாறு.

விதையில் குறையில்லை. எனக்குத்தான் அதை எழுப்பத் தெரியவில்லை. ரயில் பாதையோரச் சரளையிலும் கொறங்காட்டு (மானாவாரி மேய்ச்சல் நிலம்) வேலியோரத்திலும் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் வருடக்கணக்கில் பூத்துக் குலுங்குகிற செடி, நாம் ஆசையாகத் தட்டில் போட்டால் முளைக்க மறுக்கிறது. இதில் ஏமாந்து விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவும் இனிமேல்தான் தொடங்கப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நம் மண்ணின் காட்டுப்பூ ஒன்றை விதையிலிருந்து வளர்த்துப் பழக ஆவாரையைவிட நல்ல செடி எனக்குத் தெரியவில்லை. சிலர் மாநில மலராயிற்றே என்று செங்காந்தளில் தொடங்குகிறார்கள். அது விதையிலிருந்து பூவுக்கு வர மூன்று நான்கு வருடம் எடுக்கும். கிழங்கு, விதை எல்லாமே கொடிய நஞ்சு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதை இன்னும் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போடலாம். ஆவாரையில் அந்தப் பயமும் இல்லை, அவ்வளவு காத்திருப்பும் இல்லை.

விதை ஏன் தூங்குகிறது

ஆவாரை பயறு வகைக் குடும்பம். விதையின் மேல்தோல் தண்ணீரே புகாத அளவுக்கு இறுகிப்போய் இருக்கும். ஒரு கிண்ணம் தண்ணீரில் 20 விதைகளைப் போட்டு இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் ஒன்றிரண்டுதான் உப்பியிருக்கும். மற்றவை போட்டபோது இருந்தபடியே, கல் மாதிரி கிடக்கும். உள்ளே உயிர் இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை.

செடியின் பக்கம் நின்று பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. மழை குறைந்த ஊர்களில் சித்திரையில் திடீரென்று ஒரு கோடைமழை கொட்டும். அதை நம்பி எல்லா விதையும் முளைத்துவிட்டால், பத்தே நாளில் வெயிலில் கருகி வம்சமே போய்விடும். அதனால் கொஞ்சம் விதை இந்த வருடம், கொஞ்சம் அடுத்த வருடம், கொஞ்சம் அதற்கும் அடுத்த வருடம். வெயிலிலும் பனியிலும் மாறி மாறிக் காய்ந்து, மண்ணில் உரசி, தோல் எப்போது விரிகிறதோ அப்போது அந்த விதையின் முறை. ஒரே போகத்தில் எல்லா விதைநெல்லையும் போட்டுவிடாத சம்சாரியின் கணக்குதான் இது.

பையில் வளர்க்கும்போது மழை நம் கையில் இருக்கிறது, அதனால் எல்லா விதையையும் ஒரே நாளில் எழுப்பலாம். காட்டில் விதைக்கும்போது அப்படிச் செய்யக் கூடாது. இந்த வேறுபாட்டைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், அது ஆவாரைதானா?

சிரிக்காதீர்கள். ஒருமுறை கடையில் 'ஆவாரை விதை' என்று எழுதியிருந்த பொட்டலத்தை வாங்கி, ஆசையாக வளர்த்து, பூவுக்கு வந்தபிறகு பார்த்தால் நிலாவாரை. நிலாவாரை இலை பேதிக்குக் கொடுப்பது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியாகிற சென்னா இலை அதுதான். ஆவாரையும் அதுவும் ஒரே சென்னா வகைதான், ஆனால் செடி வேறு. ஆவாரை என்று நினைத்து அந்த இலையைக் காயவைத்துக் கஷாயம் போட்டிருந்தால் என் நிலைமை என்னவாகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டேன்.

நிஜ ஆவாரையை அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் காது மடல் போல அகலமான பச்சைச் செதில்கள் இருக்கும். சென்னா ஆரிகுலேட்டா என்ற அறிவியல் பெயரே 'காதுள்ள' என்ற பொருளில் இதை வைத்து வந்ததுதான். ஒரு இலையில் 8 முதல் 12 ஜோடி சிற்றிலைகள். தகரை, பேயாவாரை போன்றவற்றில் இந்தக் காது கிடையாது. பேயாவாரையைக் கசக்கினால் ஒரு கெட்ட வாடை வேறு வரும். நெற்றைப் பார்த்தும் சொல்லிவிடலாம். ஆவாரை நெற்று சப்பையாக, காகிதம் போல மெலிதாக, வெளிர் பழுப்பில், ஒரு சாண் நீளத்தில் பாதிக்கும் குறையாமல் தொங்கும். உள்ளே விதை இருக்கும் இடமெல்லாம் புடைத்துத் தெரியும். தகரையில் காய் அரிவாள் போல வளைந்து ஒல்லியாக இருக்கும்.

நீலகிரி அடிவாரத்திலும் சத்தியமங்கலம் பக்கமும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் காட்டையே அடைத்துக்கொண்டிருக்கிற சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மரத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வெளிநாட்டிலிருந்து வந்து பரவியது. வனத்துறை அதை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. அதன் விதையைக் கொண்டுவந்து வீட்டில் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

நெற்று பறிப்பது

எங்கள் காங்கேயம் பக்கம் பொங்கலுக்குக் காப்புக்கட்டும்போது ஆவாரை நல்ல பூவில் இருக்கும். போகியன்று வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு எரவாணம், மாட்டுத் தொழுவம், தோட்டம் என்று செருகுவோம். அந்தக் கொத்தைப் பறித்த செடியை அப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் திரும்பப் போனால் அதே செடியில் காய்ந்த நெற்று நிறையக் கிடைக்கும். வருடத்தின் மற்ற மாதங்களிலும் தேடினால் கிடைக்காமல் போகாது, ஏனென்றால் இது ஒரே சமயத்தில் பூவும் பிஞ்சும் நெற்றுமாக நிற்கிற செடி.

பழுப்பேறி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வருகிற நெற்றாகப் பாருங்கள். பச்சை கலந்ததைப் பறிக்க வேண்டாம். ஒரே செடியை மொட்டையடிக்காமல், பத்துச் செடியில் ஆளுக்கு இரண்டு நெற்று என்று எடுப்பது நல்லது. விதையில் கலப்பும் இருக்கும், அந்த இடத்துக்கும் விதை மிஞ்சும். ஒரு நெற்றில் பத்துப் பன்னிரண்டு விதைக்குக் குறையாது, ஆகவே 20 நெற்று வீட்டுத் தேவைக்குத் தாராளம். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிக்காதீர்கள், அதற்கு அனுமதி வேண்டும். ரோட்டோரமும் தெரிந்தவர் காடும் போதும். நம் ஊரில் ஆவாரைக்கா பஞ்சம்?

வீட்டுக்கு வந்து நெற்றை உடைத்து விதையை ஒரு தட்டில் பரப்பி, வெளிச்சத்தில் பாருங்கள். குண்டூசியால் குத்தியது போல வட்டமான ஓட்டை இருந்தால் உள்ளே வண்டு இருந்திருக்கிறது அல்லது இன்னும் இருக்கிறது. பயற்றில் விழுகிற வண்டின் உறவுக்காரன்தான். ஓட்டை விழுந்ததையும் சுருங்கியதையும் தூக்கிப் போடுங்கள். வெளியே நன்றாகத் தெரிகிற விதைக்குள்ளும் புழு இருக்கலாம், அதனால் நான் இரண்டு நாள் வெயிலில் காயவைத்த விதையைக் காற்றுப் புகாத டப்பியில் போட்டு 3 நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்துவிடுகிறேன். நன்றாகக் காய்ந்த விதைக்குக் குளிரால் ஒன்றும் ஆகாது, புழு செத்துவிடும். அம்மிச்சி காலத்தில் சாம்பலில் புரட்டி வைப்பார்கள், அதுவும் சரிதான். டப்பியின் மேல் தேதியும் இடமும் எழுதி ஒட்டுங்கள். இந்தக் கல்தோல் இருக்கிறதே, முளைக்கும்போது நமக்குத் தொல்லை, ஆனால் சேமிக்கும்போது பெரிய உதவி. வருடங்கள் தாங்கும்.

தோலைத் திறப்பது

இனி முக்கியமான வேலை. மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன்.

விதை ஐம்பதுக்குள் என்றால் நகவெட்டிதான். விதையை விரலில் பிடித்துப் பார்த்தால், ஒரு முனையில் காயோடு ஒட்டியிருந்த தழும்பு தெரியும். அதைக் கண் என்று வைத்துக்கொள்வோம். முளை வருவது அந்தப் பக்கமிருந்து, ஆகவே அங்கே கை வைக்கக் கூடாது. அதற்கு எதிர்ப்பக்க ஓரத்தில், நகவெட்டியின் நுனியால் தோலை மட்டும் ஒரு துளி கிள்ளுங்கள். பழுப்புக்கு உள்ளே வெளிறிய நிறம் தெரிந்தால் போதும். பருப்பில் பெரிய துண்டு கழன்று வந்துவிட்டால் அந்த விதை அழுகிப்போகும். முதல் பத்து விதையில் இரண்டு மூன்றைக் கெடுப்பீர்கள். அதற்குப் பிறகு கை பழகிவிடும். இந்த முறையில் கிள்ளிய விதை ஏறக்குறைய எல்லாமே முளைத்திருக்கின்றன எனக்கு.

நூறு இருநூறு என்றால் உப்புத்தாள். கரடுமுரடானதாக வாங்குங்கள், வழவழப்பானது வேலைக்காகாது. பழைய பிஸ்கட் டப்பாவின் உள்பக்கத்தைச் சுற்றி அதை ஒட்டி, விதையைப் போட்டு மூடி, பத்து நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். குழந்தைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள், பக்கத்து வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்ப்பார். விதையின் மினுமினுப்புப் போய் மங்கலாகிவிட்டால் நிறுத்தலாம். எல்லா விதையும் ஒரே மாதிரி தேயாது என்பதுதான் இதில் குறை.

மூன்றாவது சுடுதண்ணீர். இதில்தான் நிறையப் பேர் விதையை வேகவைத்துவிடுகிறார்கள். அடுப்பில் விதையைப் போடக் கூடாது. தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் கொதி அடங்கவிட்டு, பிறகு விதை இருக்கும் பாத்திரத்தில் ஊற்றுங்கள். விதையைப் போலப் பத்து மடங்கு தண்ணீர் இருந்தால் நல்லது, குறைவாக ஊற்றினால் சட்டென்று ஆறிவிடும். ஊற்றியபின் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். தானாக ஆறட்டும். இரவு முழுக்க ஊறட்டும்.

கிள்ளிய விதையையும் தேய்த்த விதையையும்கூட இதே போல, ஆனால் சாதாரணத் தண்ணீரில், இரவு ஊறவைக்க வேண்டும். காலையில் பார்த்தால் தெரிந்துவிடும். கதவு திறந்த விதை ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பி, தோல் மிருதுவாகி, விரலால் அழுத்தினால் அமுங்கும். உப்பியதை மட்டும் பொறுக்கியெடுத்து அன்றைக்கே விதைத்துவிடுங்கள். மறுபடி காயவிட்டால் போச்சு. உப்பாததைத் துடைத்துவிட்டு நகவெட்டியால் கிள்ளி, மறுபடி ஓர் இரவு. மிதக்கிறதையும் வழவழவென்று ஆனதையும் கொட்டிவிடலாம்.

சிலர் கந்தக அமிலத்தில் ஊறவைக்கச் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்கிற வேலை அது. நகவெட்டி நுனியில் முடிகிற விஷயத்துக்கு வீட்டில் அமிலம் எதற்கு?

பையும் மண்ணும்

ஆவாரையின் ஆணிவேர் முளைத்த முதல் நாளிலிருந்தே கீழ்நோக்கி ஓடும். மேலே இரண்டு இலை இருக்கும்போது கீழே ஒரு சாண் வேர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நாற்றுத் தட்டு வேண்டாம், தேங்காய்ச் சிரட்டை வேண்டாம், தயிர் டப்பா வேண்டாம். அகலம் எப்படி இருந்தாலும் ஆழம் முக்கியம். நர்சரியில் கிடைக்கும் கறுப்புப் பைகளில் 9 அங்குலத்துக்குக் குறையாத உயரமுள்ளதாக வாங்குங்கள். 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டாலும் போதும். என்னிடம் இருப்பதெல்லாம் கல்யாண மண்டபத்தில் பொறுக்கியதுதான்.

மண்கலவைக்கு 2 பங்கு செம்மண், 1 பங்கு மணல், அரைப் பங்கு மக்கிய தொழு உரம். ஆற்று மணல் கிடைக்காது, எம்-சாண்டைக் கழுவித் தூசியை நீக்கிவிட்டுப் போடலாம். தேங்காய் நார்க்கழிவைச் சேர்க்காமல் இருப்பது நல்லது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கன்றை அழுகவைக்கும். பயறுக் குடும்பம் என்றதும் ரைசோபியம் (பயறுச் செடிகளில் வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர்) பொட்டலம் வாங்க ஓடாதீர்கள். இந்தச் சென்னா வகைகள் அவரை, துவரை போல வேர்முடிச்சு வைப்பதில்லை.

ஒரு பைக்கு 2 விதை, விரல் நகத்தின் ஆழம், அதாவது சுமார் 1 சென்டிமீட்டர். மேலே மண்ணைத் தூவி மெதுவாக அழுத்தித் தண்ணீர் தெளியுங்கள்.

எப்போது விதைப்பது? ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஆடியில் பையில் போட்டால், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கிறபோது கன்று நடவுக்குத் தயாராக இருக்கும். நடுவில் இருக்கிற இரண்டரை, மூன்று மாதம் சரியாக இருக்கும். இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் ஆவாரை இயல்பாகவே வளர்கிறது. ரணவரா என்று சிங்களத்தில் சொல்லி, காய்ந்த பூவில் தேநீர் போடுவார்கள். வடக்கு, கிழக்கில் பெரும்போக மழை வருவதும் இதே சமயம்தான் என்பதால் அங்குள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கே சரி. தென்மேற்கு மழை கிடைக்கும் தென்காசி, கன்னியாகுமரிப் பக்கத்தவர்கள் பங்குனியில் விதைத்து ஆனியில் நடலாம்.

முளைத்த பிறகு

திறந்த விதை ஐந்தாவது நாளிலிருந்து தலைகாட்டும். 15 நாளில் வரவேண்டியதெல்லாம் வந்துவிடும். முதலில் வருகிற இரண்டும் வித்திலைகள், வட்டமாகச் சற்றுத் தடித்து இருக்கும். அதற்குப் பிறகு வருவதுதான் புளிய இலை மாதிரி இறகு இறகாகப் பிரிந்த நிஜ இலை. ஒரு பையில் இரண்டும் முளைத்தால் நோஞ்சானை வேரோடு பிடுங்காமல் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்தில் இருப்பதன் வேரும் அசையும். கொல்ல மனம் வராமல் இரண்டையும் விட்டு, இரண்டும் சவலையாக நின்றதையும் பார்த்துவிட்டேன்.

முளைக்கும்வரை லேசான நிழல் இருக்கலாம். நிஜ இலை இரண்டு வந்ததும் காலை வெயிலுக்கு நகர்த்தி, ஒரு வாரத்தில் முழு வெயிலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். நிழலில் வைத்தால் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று ஓடி, காற்றடித்தால் படுத்துக்கொள்ளும்.

இந்தப் பருவத்தில் கன்று சாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: தண்ணீர். குறைந்து அல்ல, கூடி. மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து, நூல் போலச் சுருங்கி, கன்று சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல். அது வந்த கன்றைக் காப்பாற்ற முடியாது. வராமல் தடுப்பதுதான் வழி: மேல்மண் காய்ந்தபிறகே தண்ணீர், அதுவும் காலையில். ஆள்காட்டி விரலை ஒரு கணு அளவு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் பூவாளியை வைத்துவிட்டுப் போய் வேறு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். தினமும் ஊற்றினால்தான் பாசம் என்று நினைக்கிறவர்கள் ஒரு துளசிச் செடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்கு ஊற்றலாம்.

நத்தை இருந்தால் ஒரே இரவில் வித்திலையை மேய்ந்துவிட்டுப் போகும். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் அடுக்கினால் ஓரளவு தப்பிக்கலாம்.

நடவு

முதல் தூறலுக்கு நடாதீர்கள். மண்ணைத் தோண்டினால் ஒரு முழ ஆழத்துக்கு ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடுங்கள். இடம் முழு வெயிலாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. செம்மண், சரளை, கரிசல் எதுவானாலும் பரவாயில்லை. மாடித் தண்ணீர் வந்து விழுகிற மூலையையும், தினமும் தண்ணீர் பாய்கிற புல்தரையையும் தவிர்த்துவிடுங்கள். எதுவும் வராது என்று கைவிட்ட கல்லாங்காட்டு மூலை இருந்தால் அதுதான் இதற்கு மாளிகை.

குழி ஒரு அடிக்கு ஒரு அடி. உரம் போடத் தேவையில்லை. பையை உருவாதீர்கள், பிளேடால் கீறிப் பிரித்து மண்ணோடு அப்படியே இறக்குங்கள். அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை மட்டும் வெட்டிவிடலாம், வேறெங்கும் வேரைத் தொடக் கூடாது. செடிக்குச் செடி 4, 5 அடி இடைவெளி. வேலி மாதிரி அடைப்பாக வேண்டும் என்றால் 2 அடி போதும். நட்டதும் ஒரு குடம் தண்ணீர். சுற்றிலும் நாலு கல்லைப் பரப்பிவிடுங்கள், கல்லுக்கடியில் ஈரம் தங்கும்.

வளர்ந்த ஆவாரையை ஆடுமாடு அவ்வளவாகச் சீண்டாது. கொறங்காட்டில் சுற்றியிருக்கிற கொழுக்கட்டைப் புல்லையெல்லாம் மேய்ந்து தீர்த்தபிறகும் ஆவாரை தனியாக நிற்பது அதனால்தான். ஆனால் இளங்கன்றை ஆட்டுக்குட்டி ஒரு வாய் பார்க்கும், மாடு மிதிக்கும். முதல் வருடத்துக்கு நாலு வேலமுள்ளை வெட்டிச் சுற்றி வைப்பது நல்லது.

மழை நின்றபின், தையிலிருந்து முதல் கோடை முடிகிறவரை பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் ஊற்றுங்கள். அடுத்த மழைக்காலத்தோடு நம் கடமை முடிந்தது. இரண்டாவது கோடையில் இலை கொஞ்சம் உதிர்ந்தாலும் பயப்பட வேண்டாம். வேர் ஆழத்தில் இருக்கிறது.

நேரடியாகக் காட்டில் விதைப்பவர்களுக்கு

அரை ஏக்கர் தரிசு இருக்கிறது, பையெல்லாம் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்றால் நேரடியாகவே விதைக்கலாம். ஆணிவேர்ச் செடிக்கு உண்மையில் அதுதான் உசிதம், முளைத்த இடத்திலேயே நிற்பது பின்னால் வறட்சியை இன்னும் நன்றாகத் தாங்கும். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள், களைக்கொத்தால் மண்ணைக் கீறி, இடத்துக்கு நாலைந்து விதை போட்டு மூடிவிடுங்கள்.

இங்கேதான் முன்பு சொன்ன வேறுபாடு வருகிறது. கையில் இருக்கும் விதையில் பாதியை மட்டும் திறந்துகொள்ளுங்கள். மீதிப் பாதியைத் தொடாமல், கல்தோலோடு அப்படியே கலந்து விதையுங்கள். மழை தொடர்ந்தால் திறந்த விதை முளைத்து நின்றுவிடும். மழை ஏமாற்றினால் முளைத்தவை கருகும், மற்றவை மண்ணுக்குள் அடுத்த வருடத்துக்காகக் காத்திருக்கும். நான் இதைத் தெரிந்துகொண்டது ஒரு கார்த்திகையில். எல்லா விதையையும் சுடுதண்ணீரில் போட்டு எழுப்பிவிட்டு விதைத்தேன். பத்து நாள் முளைப்பு பார்க்கக் கண்கொள்ளாமல் இருந்தது. அப்புறம் மழை திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றுகூடத் தேறவில்லை. முருங்கையடியில் நான் குப்பையென்று கொட்டிய மண் அதைவிடப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது.

விதைப்பந்து பற்றிக் கேட்பார்கள். விதையை மண்ணுருண்டைக்குள் வைத்து உருட்டி, வண்டியிலிருந்து வீசிவிட்டுப் போவது எனக்கு உவப்பில்லை. விழுந்த இடம் புல்லா பாறையா என்றுகூடப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் இருபது இடத்தில் மண்ணைக் கீறி விதைத்துவிடலாம்.

மாடித் தொட்டியில்

முடியும். 15 அங்குல ஆழமாவது வேண்டும், மண்ணில் மணல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நிலத்தில் நிற்கிற செடி போல இதைக் கைவிட முடியாது, வேருக்குப் போக இடமில்லை. கோடையில் வாரம் இரண்டு மூன்று முறை தண்ணீர் கேட்கும். ஆள் உயரத்துக்குப் போகாமல் வெட்டி வெட்டி அடக்கி வைக்க வேண்டும்.

பூத்த பிறகு

சில செடிகள் நட்ட வருடத்துக்குள்ளேயே ஒன்றிரண்டு பூவைக் காட்டும். நன்றாகப் பூப்பது இரண்டாம் வருடத்தில். பூ வந்தால் காலையில் ஒரு பத்து நிமிடம் அங்கே நின்று பாருங்கள். பெரிய கருநிறத் தச்சுத்தேனீ ஒன்று வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று ஒரு வித்தியாசமான சுருதியில் அதிரும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும், உப்புக் குப்பியைக் குலுக்குவது மாதிரி. அப்படி அதிரத் தெரிந்த தேனீ வந்தால்தான் வேலை நன்றாக நடக்கும். செடி நிறையப் பூத்தும் நெற்றே பிடிக்கவில்லை என்றால், சுற்றுப்புறத்தில் மருந்தடிக்கிறார்களா, தச்சுத்தேனீ கூடு வைக்கப் பட்ட மரமோ மூங்கிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காய்ந்த மூங்கில் கழியை வேலியில் கட்டிவைத்தேன், இப்போது அதில் குடியிருப்பு.

இலையைப் பச்சைப் புழு அரித்திருந்தால் மருந்தைத் தேட வேண்டாம். வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிடத் தேடி வருகிற செடி இது. இரண்டு வாரத்தில் புழு போய்விடும், செடி மறுபடி தழைத்துவிடும். மாவுப்பூச்சி வந்தால் மட்டும் அந்தக் கிளையை வெட்டி எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் வருடத்திலிருந்து ஆவணி வாக்கில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடலாம். பூ கிளை நுனியில்தான் வரும், வெட்டினால் நுனிகள் பெருகும். வெட்டிய தழை வீணில்லை. கொழுஞ்சி, எருக்கு, ஆவாரை மூன்றையும் வயலில் மிதித்துத் தழை உரமாக்குவது பழைய வழக்கம். ஒரு காலத்தில் பட்டைக்காகவே இதை வெட்டினார்கள். சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழில் ஆவாரம் பட்டையை நம்பித்தான் வெகுகாலம் நடந்தது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு வெட்டுக்கும் தாக்குப்பிடித்த செடியை நம் கத்தரி ஒன்றும் செய்துவிடாது, தைரியமாக வெட்டலாம்.

தேநீருக்குப் பூ வேண்டுமானால் காலையில் பறித்து நிழலில் உலர்த்துங்கள். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பதை நம்பி, சர்க்கரைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். தேநீரும் குடிப்பதாக அவரிடமே சொல்லிவிடுங்கள். தெலங்கானாவில் இது மாநில மலர், தங்கேடு என்பார்கள். பதுக்கம்மா பண்டிகையில் பூக்களைக் கோபுரமாக அடுக்கும்போது ஆவாரம்பூ இல்லாமல் நடக்காது. எதற்குப் பறித்தாலும் செடியில் பாதிப் பூவை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நெற்றுக்கு எங்கே போவது?

நெற்றையும் எல்லாவற்றையும் பறிக்காமல் கொஞ்சம் உதிரவிட்டால், நாலாவது ஐந்தாவது மழையில் தாய்ச்செடியைச் சுற்றித் தானாகவே கன்றுகள் கிளம்பும். வேறு இடத்துக்கு மாற்ற நினைத்தால் வித்திலை வாடுவதற்கு முன்பே, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு சேர்த்துத் தோண்டி மாலையில் மாற்றுங்கள். அதைவிடப் பெரிதாகிவிட்டால் தோண்டாதீர்கள், வேர் அறுந்து சாகும். அங்கேயே நிற்கட்டும்.